கைச்செலவுக் காசில் எக்ஸ்பல்ஸை மண்ணுக்குத் தயார் செய்வது: எதை முதலில் வாங்கலாம், எதை வாங்கவே வேண்டாம்

இரண்டாம் வருடம் படிக்கும்போது, ரோட்டிலும் மண்ணிலும் ஓட்டக்கூடிய ஹீரோ பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2019 மாடல், கார்புரேட்டர் வண்டி, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. கையில் மிச்சமிருந்த 6,500 ரூபாயை என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பாக் லைட் (பனிமூட்ட விளக்கு), ஒரு பெரிய இரும்பு கிராஷ் கார்டு. ஹாஸ்டல் வாசலில் நிறுத்தினால் அட்டகாசமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வெளியே வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் இறக்கினேன், நூறு மீட்டர் போகவில்லை, மணலில் முன்சக்கரம் மடங்கி இடது பக்கமாக விழுந்தேன். மெதுவாகத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளட்ச் லீவர் மட்டும் அடியோடு முறிந்துவிட்டது. இருநூறு ரூபாய் சாமான். அன்றைக்குக் கடை கிடையாது, கிளட்ச் இல்லாமலும் கியர் போட்டு வீடு போய்ச் சேரலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது, நாலு கிலோமீட்டர் தள்ளினேன். பாக் லைட் இரண்டும் பட்டப்பகலில் என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தன.

அன்று இரவு ஒரு நோட்டு போட்டேன். வண்டியில் என்ன உடைந்தது, எங்கே உடைந்தது, எவ்வளவு செலவு, இவ்வளவுதான் அதில் எழுதுவேன். இனிமேல் அந்த நோட்டில் இல்லாத எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான். எக்ஸ்பல்ஸை வைத்துச் சொல்கிறேன், நம் ஊரில் மாணவர்கள் கைக்கு எட்டும் மண் வண்டி இப்போதைக்கு அதுதான். பழைய இம்பல்ஸ், ஹிமாலயன் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். வருடத்துக்கு 20,000 ரூபாய், அதுவும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும் என்று கணக்கு. விலைகள் தோராயம், ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்பல்ஸ் 200 கம்பெனியிலிருந்து வரும்போதே முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் சக்கரம், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ., பின்னது 170 மி.மீ. ஏறி இறங்கும். சைலன்ஸர் மேலே தூக்கி வைத்திருக்கிறது, இன்ஜினுக்கு அடியில் தகடு இருக்கிறது. எடை 154 கிலோ. புதிதாக மண்ணில் இறங்கும் ஒருவனுக்கு இது தாராளம். முதல் ஆறு மாதம் வண்டியின் எல்லையை நீங்கள் தொடப்போவதே இல்லை, உங்கள் எல்லைதான் முதலில் வரும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

பழைய வண்டியாக இருந்தால் ஒரு ரூபாய்க்குக்கூட அலங்காரம் வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி இதைச் செய்யுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்காருவது போல் இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் சுழலும் பேரிங், போய்விட்டது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தாலும் கோன் செட்டைத்தான் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து லூசு இருந்தால் பேரிங். ஃபோர்க் பைப்பில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல். அப்புறம் ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று பாடும், தளர்ந்தது ‘டொக்’ என்று செத்த சத்தம் போடும். என் வண்டியில் பின்சக்கரத்தில் ஏழு கம்பி டொக். அதோடு குளத்துக்குள் குதித்திருந்தால் ரிம் வளைந்திருக்கும், அது ஆயிரக்கணக்கில் இழுக்கும் வேலை. பழைய ஆள் ஒருவர் சைக்கிள் கடையில் உட்கார்ந்து 300 ரூபாய்க்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்.

செயின், பிரேக் பேட், ஏர் பில்டர், இன்ஜின் ஆயில் எல்லாம் சேர்த்து இந்தக் கட்டத்துக்கே மூன்று, நாலாயிரம் போகலாம். ‘இதெல்லாம் அப்கிரேடா’ என்று தோன்றும். இதுதான் முதல் அப்கிரேட்.

உடம்புக்கு

இதில் பேரம் பேசாதீர்கள். ஹெல்மெட் ஏற்கெனவே இருக்கும், ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதுதானா என்று மட்டும் பாருங்கள், முன்னால் பெரிய தொப்பி வைத்த மோட்டோகிராஸ் ஹெல்மெட் அவசரமில்லை. முழங்கால், முழங்கை கார்டு ஒரு செட் 2,000 முதல் 3,000. கையுறை 800, 1,000. காலுக்குத்தான் சிக்கல். நிஜமான ஆஃப்ரோடு பூட்ஸ் பத்தாயிரத்துக்குக் கீழே நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். ஆனால் மெதுவாக விழும்போது 154 கிலோ வண்டி வந்து உட்காருவது கணுக்காலின் மேல்தான். பழைய பூட்ஸ் விற்பவர்கள் இருக்கிறார்கள், அளவு சரியாக அமைந்தால் பாதி விலைக்கு வாங்குங்கள். அதுவரைக்கும் கணுக்காலுக்கு மேல் ஏறும் கனமான தோல் பூட்ஸ், எந்தக் காரணம் கொண்டும் கேன்வாஸ் ஷூ வேண்டாம். செருப்போடு குளத்துக்குள் வண்டி ஓட்டுகிறவனை எனக்குத் தெரியும், அவனுடைய சுண்டுவிரல் இப்போது வேறு திசையைப் பார்க்கிறது.

காசே இல்லாமல் செய்யக்கூடியவை

எனக்குப் பிடித்த பகுதி இது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

லீவர்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். சாதாரணமாகக் கையால் அசையாத அளவுக்கு, ஆனால் ஓங்கி ஒரு அடி அடித்தால் சுழலும் அளவுக்கு இருக்க வேண்டும். கிளாம்பைக் கழற்றி, ஹேண்டில்பாரில் அந்த இடத்தில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றி மறுபடி மாட்டினால் அழகாக வேலை செய்யும். விழும்போது லீவர் முறியாமல் திரும்பிக்கொள்ளும், எழுந்து தள்ளிவிட்டு ஓட்ட வேண்டியதுதான். டேப் இருபது, முப்பது ரூபாய். இதைச் செய்த பிறகு எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன், முறிந்த லீவர் ஒன்றே ஒன்று. இருந்தாலும் மாற்று லீவர் ஒன்றை பிரேமோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள். மேடு பள்ளத்தில் பாதி நேரம் நின்றுதான் ஓட்ட வேண்டும். நிற்கும்போது மணிக்கட்டு மடங்குகிறதா? லீவர்களைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், ஹேண்டிலை இம்மி முன்னால் சுழற்றுங்கள். ஹேண்டிலை உயர்த்தும் ரைஸர் வாங்க வேண்டும் என்று நினைத்தவர்களில் பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். புட்ரெஸ்ட்டின் மேல் இருக்கும் ரப்பர் கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் பூட்ஸ் வழுக்காது. கண்ணாடிகளை மண்ணில் இறங்குமுன் கழற்றிப் பையில் போட்டு, ரோட்டுக்கு ஏறுமுன் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.

பின் சஸ்பென்ஷன் அளவு எடுப்பது. இதற்கு ஒரு நண்பனும் ஒரு இஞ்ச் டேப்பும் போதும். எக்ஸ்பல்ஸின் பின் மோனோஷாக்கில், அதாவது ஒற்றை ஷாக் அப்சார்பரில், பத்துப் படி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது, அது எதற்கென்று முந்தைய ஓனருக்கே தெரிந்திருக்காது. வண்டியை சைடு ஸ்டாண்ட் மேல் சாய்த்துப் பின்சக்கரம் தொங்கும்படி தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஏதாவது ஒரு ஸ்க்ரூ வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், கார்டு, பை எல்லாம் மாட்டிக்கொண்டு நீங்கள் ஏறி உட்கார, நண்பன் அதே இரண்டு புள்ளிக்கு நடுவில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும், அதாவது 170 மி.மீ.க்கு ஐம்பது, ஐம்பத்தைந்து. எனக்கு 34 வந்தது. நான் 58 கிலோ, முந்தைய ஓனர் பின்னால் ஆள் ஏற்றி ஓட்டியிருப்பார் போல, நன்றாக இறுக்கி வைத்திருந்தார். மூன்று படி தளர்த்தினோம், 49. அதுவரை ‘இந்த ஷாக் வேஸ்ட், மாற்ற வேண்டும்’ என்று நான் புலம்பிக்கொண்டிருந்த, பின்சக்கரம் கல்லில் பட்டுக் குதித்து ஒதுங்கும் விஷயம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. செலவு: ஹாஸ்டல் நண்பனுக்கு ஒரு டீ, ஒரு வடை.

காற்று. ரோட்டுக்குக் கம்பெனி சொன்ன அளவு இருக்கட்டும். மண்ணில் இறங்கும்போது 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தரையைக் கவ்வும். அதற்காக 15-க்குக் கீழே போகாதீர்கள், இது டியூப் வைத்த டயர், காற்று குறைந்தால் ரிம்முக்குள் டயர் நகரும், டயரோடு டியூபும் நகரும், வால்வின் அடி கிழிந்துவிடும். வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே மூடி வரைக்கும் தளர்த்தி விட்டுவிடுங்கள், டியூப் நகர ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். திரும்பி வருமுன் காற்று ஏற்ற ஒரு கைப் பம்ப், 500 ரூபாய்க்குள் கிடைக்கும். குறைந்த காற்றோடு நாற்கர சாலையில் எண்பதில் போவது தற்கொலை.

இப்போது டயரும் டியூபும்

எங்கள் பக்கத்தில் எந்தக் குளத்துக்குள் இறங்கினாலும் உடைமரம்தான், சீமைக்கருவேலம் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். அந்த முள் காய்ந்து மண்ணில் கிடக்கும், ஷூவின் அடியையே துளைக்கும், சாதாரண டியூப் எம்மாத்திரம். என் நோட்டில் முதல் மூன்று மாதத்தில் ஒன்பது பஞ்சர். அதனால் எனக்கு முதல் நிஜச் செலவு கனத்த டியூப்தான், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பிறகு பஞ்சர் மாதம் ஒன்று என்று குறைந்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கோ மலைப்பக்கம் இருப்பவர்களுக்கோ முள்ளைவிடக் கல் பெரிய பிரச்சினையாக இருக்கலாம், உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, 21 அங்குல டியூப் கிராமத்துப் பஞ்சர் கடைகளில் இருக்காது. ஒரு 21 டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும், அவசரத்துக்கு அதையே மடிப்பு விழாமல் பார்த்துப் பின்சக்கரத்துக்குள்ளும் போட்டு வீடு வந்து சேரலாம். டயர் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், 21 டியூப், மாற்று லீவர், கொஞ்சம் கட்டுக்கம்பி. இந்தப் பை எந்த அலங்காரத்தைவிடவும் முக்கியம். டயரைக் கழற்றி மாட்டுவதை ஹாஸ்டல் வாசலில் மூன்று தடவை பழகிவிடுங்கள், மதிய வெயிலில் குளத்துக்கு நடுவில் முதல் தடவை பழக வேண்டாம்.

நாபி டயர், அதாவது கட்டை கட்டையாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும் டயர், வாங்கலாமா? வண்டியோடு வந்த டயர் தேய்ந்து முடியட்டும், அப்போது வாங்குங்கள். கல்லூரிக்கும் அதே வண்டிதான் என்றால் முழு நாபி வேண்டாம், தார் ரோட்டில் மழை பெய்தால் பிடிப்பு இருக்காது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். ரோடு பாதி மண் பாதி என்கிற ரகம் போதும். காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

அடிபடும் இடங்கள்

அலுமினியக் கம்பி உள்ளே ஓடும் ஹேண்ட் கார்டு, 1,500 முதல் 2,500. வெறும் பிளாஸ்டிக்கில் வருவது காற்றையும் சின்னக் கிளையையும்தான் தடுக்கும், விழுந்தால் லீவரைக் காப்பாற்றாது. கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்குங்கள், ஹேண்டில் நுனியிலும் நடுவிலும் இரண்டு இடத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள், ஒரே இடத்தில் பிடிப்பது சும்மா. அடித்தகடு ஏற்கெனவே இருக்கிறது. பாறை, பெரிய கல் உள்ள இடத்துக்குப் போகாதவரை அதற்குச் செலவு செய்யாதீர்கள், போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். என்னுடையதில் நாலில் இரண்டுதான் இருந்தன.

இரும்பு கிராஷ் கார்டை நான் கழற்றி விற்றுவிட்டேன். கழற்றித் தூக்கியபோது கை இறங்கியது, அவ்வளவு கனம். ஒவ்வொரு தடவை விழும்போதும் அதையும் சேர்த்து நான்தானே தூக்கினேன். மணலில் ஒரே நாளில் பத்துத் தடவை வண்டியைத் தூக்கிப் பாருங்கள், கிலோ என்றால் என்னவென்று புரியும்.

முன் பல் ஒன்று

மலிவான விலையில் வண்டியின் குணத்தையே மாற்றுவது முன் ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடும் பல் சக்கரம். ஒரு பல் குறைவாகப் போட்டால் பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். சில நூறு ரூபாய். முதல் கியரில் மெதுவாக ஊர்ந்து போக முடியும், மணலில் இன்ஜின் திணறி நின்றுபோகாது, கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டி எரிக்க வேண்டியதில்லை. பதிலுக்கு ரோட்டில் மேல் வேகம் குறையும், எண்பதிலேயே இன்ஜின் கத்துவது போலிருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஊர் கல்லூரிக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, வாரா வாரம் வண்டியில்தான் போகிறீர்கள் என்றால் யோசித்துச் செய்யுங்கள். மாட்டிய பிறகு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மேல் இருக்கும் ரப்பர் பட்டையில் செயின் அதிகமாக உரசுகிறதா என்று இரண்டு வாரம் கவனியுங்கள்.

சஸ்பென்ஷன் கடைசியில்

வண்டியைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் ராலி கிட்டில், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தும் கம்பெனி செட்டில்தான் போய் நிற்பார்கள். நிஜமாகவே நல்ல சாமான், 2020-இல் வந்தபோது 38,000 ரூபாய், போட்டிக்காரர்களை மனதில் வைத்து வந்தது. முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. ஓட்டம், தரையிலிருந்து 275 மி.மீ. உயரம். சீட்டும் அதற்கேற்ப மேலே போய்விடும், என்னைப் போல ஐந்தரை அடி ஆளுக்குச் சிக்னலில் கால் எட்டாது. நம் வருட பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. இரண்டு வருடம் ஓட்டி, போட்டிக்குப் போகிறேன் என்ற கட்டம் வந்தால் அப்போது பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஃபோர்க் ஆயிலை மாற்றுங்கள். பழைய வண்டியில் அது எத்தனை வருடமாக உள்ளே கிடக்கிறதோ. என்னுடையதில் வடித்தபோது சாக்கடைத் தண்ணீர் போலக் கறுப்பாக வந்தது, மீன் வாடை வேறு. கூலியோடு 700 ரூபாய்க்குள். முன்பக்கம் பள்ளத்தில் டமார் என்று அடியில் இடிக்கிறது என்றால், கொஞ்சம் கெட்டியான ஆயில் போடச் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சம அளவு ஊற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாங்கவே வேண்டாதவை

சத்தம் போடும் சைலன்ஸர். 200 சிசி வண்டியில் சத்தம் கூடும், வேகம் கூடாது, கிராமத்து ஆட்கள் தூரத்திலேயே கம்போடு நிற்பார்கள். சட்டமும் ஒத்துக்கொள்ளாது: கம்பெனி வடிவமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வந்து நிற்கும், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. டயர், டியூப், லீவர், ஹேண்ட் கார்டு எல்லாம் பெரும்பாலும் இந்த வம்பில் சிக்காதவை. திறந்த ஏர் பில்டர் வேண்டாம், நம் ஊர்ச் செம்மண் புழுதி நேராக இன்ஜினுக்குள் போகும். பாக் லைட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், இருட்டில் மண்ணில் ஓட்டாதீர்கள், லைட் தேவைப்படாது.

எங்கே ஓட்டுவது என்பதும் பட்ஜெட்டில்தான் சேரும், பிடிபட்டால் அதுதான் பெரிய செலவு. திருச்செந்தூர்ப் பக்கம் சிவப்பாக விரிந்து கிடக்கும் தேரியை, அதாவது செம்மணல் மேட்டைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் குதிரைமொழித் தேரி வனத்துறைக்குச் சொந்தமான காடு. களக்காடு, முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம், கேட்கவே வேண்டாம். ஊரில் கேட்டு, வற்றிய குளம், கைவிட்ட மண் பாதை, நண்பனின் தரிசு நிலம் என்று பாருங்கள். குளத்தங்கரை மேல் ஏறாதீர்கள், கரை அறுந்தால் மழைக்காலத்தில் ஊர்க்காரர்களுக்குத்தான் கஷ்டம். ஆடு மேய்ப்பவர் கை காட்டினால் இன்ஜினை அணைத்து, ‘அண்ணாச்சி, இந்தப் பக்கம் போலாமா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு இதுவரை கிடைத்ததில் மிக நல்ல பாதையைக் காட்டியவர் அப்படி ஒருவர்தான், சேறு எங்கே இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பாருங்கள். பழுது பார்க்க நாலாயிரம், உடம்புக்கு ஐயாயிரம் ஆறாயிரம், டியூபும் பையும் மூவாயிரம், ஹேண்ட் கார்டு இரண்டாயிரம், ஸ்பிராக்கெட்டும் ஃபோர்க் ஆயிலும் ஆயிரத்துச் சொச்சம். மிச்சம் மூவாயிரம் நாலாயிரம் இருக்கும், அதை டயருக்கு எடுத்து வைக்கலாம். நானாக இருந்தால் அதில் பாதியைப் பெட்ரோலுக்கு விடுவேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஒரே மணல் திட்டில் எட்டு போட்டுப் பழகியதுதான் எனக்கு நிஜமாகப் பயன்பட்டது.

ஓட்டி முடித்து வந்ததும் வண்டியைக் கழுவிவிட்டு செயினுக்கு எண்ணெய் போடுங்கள், ஸ்போக்கைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் நோட்டை எடுங்கள். என் நோட்டில் போன வாரத்து வரி: ‘பிரேக் பெடல் உள்பக்கமாக வளைந்தது, கல்லில் பட்டது. இரும்பு ராடு வைத்து நிமிர்த்தியாயிற்று. செலவு 0.’